கயலின் படத்தில் வயலின் இல்லை

1

விக்ரம் என்பவரை எனக்குப் பிடிக்காது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் நடுநிலையாக எழுதவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. ஜொகூர் பாருவில் நடந்த திரையிடலுக்கு ஒரு வருடம் ஆகிறதாம். அதையொட்டி அதே குறும்படங்களைக் கோலாலம்பூரில் மறுபடி போடுகிறார்களாம். என் மகள் கயல்விழியின் படத்தை, ‘எல்லார் மனதையும் தொட்ட அந்த வடிவத்தில்’ போட அனுமதி வேண்டுமாம். கடைசியில் ஒரு மஞ்சள் இதயம் வேறு.

கைபேசியை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். கயலிடம் அப்போது சொல்லவில்லை. அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் புதிதாக எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எதற்கும் சட்டென்று கோபப்படாத மனிதர்; எதையும் இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’ ஒன்றைச் சேர்த்து முடித்துவிடுவார். அந்தக் குணத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனிக்கதை.

“விடு லா தேவகி. வேணாம்னு சொல்லிட்டா முடிஞ்சது.”

“முடியாதுங்க. மனசைத் தொட்டுச்சாம். யார் மனசை?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் சட்னியை அரைக்கப் போகவில்லை. கயல் வீட்டில் இருக்கும்போது மிக்ஸி ஓடாது. அதுவும் சட்டம்.

2

கல்யாணமாகி குளுவாங்குக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. மலேசியா என்றதும் திண்டுக்கல்லில் என் சொந்தக்காரர்களுக்கு இரட்டைக் கோபுரம்தான் தெரிந்தது. நான் வந்து இறங்கிய இடத்தில் ரயில் நிலையம், பாசார், அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். பாசார் என்றால் இங்கே சந்தை. உனக்கென்னம்மா ஃபாரின் வாழ்க்கை என்று இன்னமும் தொலைபேசியில் சொல்கிறார்கள். இவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

கயலுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அதே குரல்கள் வேறு பாட்டைப் பாடின. ஊரில் இருந்திருந்தால் நாலு பேரோடு பழகிச் சரியாகியிருப்பாள், தனியாக வளர்த்ததால்தான் இப்படி. எனக்கு ஊர் மறந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் லேத் பட்டறைக்காரரின் தம்பி ஒருவர் இருந்தார். பட்டறை ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் நெடுக ஓடுவார். அவரைப் பின் அறையில் வைத்து வெளியே தாழ் போட்டார்கள். பட்டறையும் அந்த அறையும் ஒரே சுவர். அவர் பெயர் என்ன என்று என் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். “லூசு சித்தப்பான்னுதான் கூப்பிடுவோம், பேர் யாருக்குத் தெரியும்?” என்றான். நாலு பேரோடு பழகுவது என்று இவர்கள் சொல்வது இதைத்தான்.

அதற்காக இந்த ஊரைப் பாராட்டப் போவதில்லை. இங்கே தாழ்ப்பாள் கிடையாது, கவுன்டர் உண்டு. கயலுக்கு நாலு வயதிருக்கும்போது அரசாங்க கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது விசாவும் அரைகுறை, மலாயும் அரைகுறை. என் பிள்ளை சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று சொல்ல, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சத்தத்துக்கு மலாயில் ‘பூஞி’. பூவுக்கு ‘பூங்ஙா’. பதற்றத்தில் நான் பூவைச் சொல்லிவிட்டேன். தாதி சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். உள்ளே டாக்டர் மிக அக்கறையாக எந்தப் பூ என்று கேட்டார், எல்லாப் பூவுமா என்றார். நான் எல்லாம் என்று தலையாட்டினேன். வீட்டில் பூச்செடி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இதை விருந்துகளில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தத் தவறு சரியாகும்வரை ஒவ்வொரு தடவையும் புதிதாக வரிசையில் நின்றது நான்தான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு உடற்குறை உள்ளவர்களுக்கான அட்டை. இந்த நாட்டில் அதன் பெயரே ‘ஆற்றல் குறைந்த ஆள்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கயலை முன்னால் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார்கள்: இவள் பேசுவாளா? அவள் மூன்று மொழி பேசுவாள். அவளிடம் கேட்டால் சொல்வாள்.

என் மகன் பிரவின் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நடுவில் கடல்மேல் ஒரு பாலம்தான், ஆனால் தமிழ்ப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருகிறான். வந்தாலும் ஆங்கிலத்தில்தான் பேச்சு. போன தீபாவளிக்கு அக்காவின் படத்தைப் பற்றிக் கேட்டபோது, ‘நைஸ்’ என்றான். ஒரே சொல். அவன் அதை முழுதாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

3

கயலுக்கு இப்போது வயது இருபத்து நான்கு. ஒரு கேக் கடையின் பின்கட்டில் அட்டைப் பெட்டிகளை மடித்துக் கொடுக்கிறாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். பெட்டி சத்தம் போடாது.

போன வருடம் விக்ரம் குழுவின் அறிவிப்பைக் கடை முதலாளியம்மாதான் காட்டினார். மனநலப் பிரச்சினையோடு வாழ்கிறவர்களும், மூளை வேறு விதமாக வேலை செய்கிறவர்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமாக எடுக்கப் பயிற்சி. தாங்களே என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜொகூர் பாருவில் சனிக்கிழமைதோறும். கயல் போகிறேன் என்றாள். நான் கூடப் போனேன்.

விக்ரம் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். கறுப்புச் சட்டை, மென்மையான குரல். என்னை ஆண்டி என்று கூப்பிட்டார். முதல் நாள் ஒரு ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கயலும் போட்டாள், நானும் போட்டேன்.

அங்கே கயலுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் அஸ்லான் என்ற மலாய்க்காரர். முன்பு பேருந்து ஓட்டியவர். மனச்சோர்வு வந்து வேலையை விட்டவர். அவர் எடுத்த படத்தில் ஒரு ஜன்னல் திரை மட்டும் இருக்கும். வெளியே அவர் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்கும். குரல் வரவர அன்பாகும், பிறகு கெஞ்சலாகும், பிறகு நின்றுவிடும். திரை அசையாது. அவ்வளவுதான்.

கயல் குளுவாங் பாசாரை எடுத்தாள். மீன் வாங்க ஞாயிறு காலையில் என்னோடு வருவாள். தலையைக் குனிந்துகொண்டேதான் நடப்பாள். அதனால் படம் முழுக்கத் தரைதான்: ஈரத் தரை, மீன் செதில், செருப்புகள், ஒரு பூனையின் வால். முகமே கிடையாது. சத்தத்துக்குத்தான் அவள் மாதக்கணக்கில் உழைத்தாள். கத்தி பலகையில் விழுவது, பிளாஸ்டிக் பை கசங்குவது, டியூப் லைட்டின் ரீங்காரம், ஐஸ் பெட்டியின் மோட்டார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தாள். பிறகு எல்லாவற்றையும் அவள் காதில் விழுகிற அளவுக்கு ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். நீங்களும் நானும் கேட்கவே கேட்காத டியூப் லைட், அவள் படத்தில் மீன்காரரின் கூவலைவிடப் பெரிது.

விக்ரம் அதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“பவர்ஃபுல் கயல். ரியலி. பட் சவுண்டைக் கொஞ்சம் குறைக்கலாம் லா. ஆடியன்ஸ் தாங்க மாட்டாங்க.”

“எனக்கும் தாங்கல,” என்றாள் கயல்.

“எனக்குப் புரியுது. ஆனா அவங்க உன்கூட கனெக்ட் ஆகணும் இல்லையா? அம்மாவை ஒரு இன்டர்வியூ எடுக்கலாம். ஆண்டி, நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு சொன்னீங்கன்னா...”

“நான் மீன் வாங்கத்தான் போனேன். அதுல என்ன கஷ்டம்?” என்றேன்.

கயல் யோசித்துவிட்டு, “அம்மா வேணாம். இது என் காது,” என்றாள்.

அவர் சிரித்தார். நிச்சயமாக, உன் படம், உன் முடிவு என்றார். நான் நம்பவில்லை. கயல் நம்பினாள். யார் எதைச் சொன்னாலும் அதையே அர்த்தமாக எடுத்துக்கொள்வது அவள் சுபாவம். அதைக் குறை என்று சொல்கிற உலகம், சொன்னதைச் செய்யாதவனுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை.

4

திரையிடல் ஒரு சனிக்கிழமை பிற்பகல். என் கணவரின் அக்கா ராஜம், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், லாபிஸிலிருந்து வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வரிசை வீடுகளில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை அவருடையது. கயலுக்குக் கோயிலில் ஏதாவது செய்யவில்லை என்று என்மேல் அவருக்குத் தீராத மனக்குறை. காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் பேசினார்.

“வீட்டு விஷயத்தைப் படம் புடிச்சு ஊருக்கே காட்டணுமா குணா? நாளைக்கு பிரவினுக்குப் பொண்ணு பாக்கறப்ப என்ன சொல்லுவ?”

“கொஞ்சம் மெதுவாக்கா. பின்னாடி கயல் இருக்கா,” என்றார் என் கணவர்.

“அதுக்கு என்ன புரியப் போவுது?”

கயல் ஹெட்போன் போட்டிருந்தாள். புரிந்தது என்று அவள் தோள் எனக்குச் சொன்னது.

அரங்கம் நிறைந்திருந்தது. நல்ல உடை உடுத்திய கூட்டம். கயலின் பெயர் திரையில் வந்தது. தரை வந்தது, செதில் வந்தது. சத்தம் வரவில்லை. எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் பாசார் முணுமுணுத்தது. அதன்மேல் ஒரு வயலின். சோகமாக, இழுத்து இழுத்து. நான் கயலைப் பார்த்தேன். அவள் மூடியிருந்த காதைத் திறந்து, தலையைச் சாய்த்து, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தரை போய்விட்டது. பயிற்சிக்கூடத்தின் மூலை வந்தது. அங்கே கயல் தரையில் உட்கார்ந்து, காதை இறுகப் பொத்தி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை தீயணைப்பு மணி தவறுதலாக அடித்தபோது நடந்தது அது. நான் அவளுக்கு முதுகு தடவிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வயலின் உச்சத்துக்குப் போனது. இருட்டு. பிறகு கைதட்டல். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

கயல் எழுந்தாள்.

“இது என் படம் இல்ல,” என்றாள் தமிழில். பிறகு மலாயில். பிறகு ஆங்கிலத்தில்.

விக்ரம் ஒலிவாங்கியில் மெதுவாகச் சொன்னார்: “கயலுக்கு இது ரொம்ப உணர்ச்சிகரமான தருணம். அவளுக்கு நம்ம அன்பைக் கொடுப்போம்.”

மறுபடி கைதட்டினார்கள். அவள் மறுத்ததற்கும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் யாரையாவது அடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது அந்த ஒரு நொடியில்தான். நான் எழுவதற்குள் கயல் நடந்துவிட்டாள். பக்கவாட்டில் மடிக்கணினி வைத்திருந்த மேசைக்குப் போய், பையிலிருந்து தன் பிரதியை எடுத்து நீட்டினாள். அங்கிருந்த பெண் விக்ரமைப் பார்த்தாள். விக்ரம் தலையசைக்கவில்லை.

“அடுத்த படத்துக்கு நேரமாச்சு,” என்றார்.

அடுத்த படம் அஸ்லானுடையது. அவர் எழுந்து நின்றார். பேசவே கூச்சப்படுகிற மனிதர். “என் நேரத்தை இந்தத் தங்கச்சிக்குக் கொடுங்க,” என்றார் மலாயில். “என் படம் ஓட வேணாம். இல்ல, அவளோடது முடிஞ்சதும் நேரமிருந்தா பாத்துக்கலாம்.”

அத்தனை பேர் முன்னால் அவரிடம் முடியாது என்று சொல்ல விக்ரமுக்குத் தைரியம் இல்லை. மென்மையானவர்களின் பலவீனம் அது.

கயலின் படம் ஓடியது. முழுச் சத்தத்தில்.

முதல் கத்தி பலகையில் விழுந்தபோதே பாதிப் பேர் நாற்காலியில் துள்ளினார்கள். டியூப் லைட் ஏறியது. பிளாஸ்டிக் பை, மழை பெய்வதுபோல். மோட்டார். கூவல். எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை, எதிலிருந்தும் தப்பிக்கவும் முடியவில்லை. என் பல் கூசியது. கண்ணைத் துடைத்த பெண் முதலில் எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே ஒரு வரிசை போனது. இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் கணவர் பொத்தவில்லை. இரண்டு கையாலும் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பேருந்து பிரேக் போடப்போகிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அண்ணி முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டு குனிந்துவிட்டார்.

மேசைக்குப் பக்கத்தில் நின்ற கயல் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். முகம் முகமாக. மனிதர்கள் முகத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

படம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அஸ்லானின் படத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் பரவாயில்லை என்று தோளைக் குலுக்கிக்கொண்டு எங்களோடு வெளியே வந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“இப்படியா கேக்குது அதுக்கு?”

“ஆமாங்க அண்ணி.”

“எப்பவுமா?”

“பாசார்ல எப்பவும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப ஏன் நீ அவளை மீன் வாங்க இழுத்துட்டுப் போற? அறிவு இல்ல?”

“அவதான் வரேங்கிறா. இல்லேன்னா நீங்க வந்து வாங்கித் தருவீங்களா?”

“தருவேன். ஏன், லாபிஸ்ல மீன் இல்லையா?”

நாங்கள் இருவரும் அங்கேயே சண்டை பிடித்தோம். என் கணவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கயல் அஸ்லானிடம் எதையோ சொல்ல, அவர் சிரித்தார். திரும்பும் வழியில் கார் ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டும்போதுதான் அதை என்னிடமும் சொன்னாள்.

“எல்லாரும் என்னை மாதிரியே கைய வச்சிருந்தாங்க மா.”

5

போன வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய் சாயங்காலம், சாப்பிட்டு முடித்த பிறகு, விக்ரமின் செய்தியைக் கயலிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். ‘வேண்டாம். என் பிரதியை முழுச் சத்தத்தில் போட்டால் சரி. நான் காதைப் பொத்தி இருப்பதைப் போடக்கூடாது’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினாள். இதயம் எதுவும் போடவில்லை.

பதில் அவளுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. ஆண்டி, கயலுக்கு இதன் முக்கியத்துவம் புரியாமல் இருக்கலாம், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று. கூடவே, பயிற்சிக்கூடத்தில் எடுத்த காட்சிகள் நீங்கள் போட்ட கையெழுத்தின்படி எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வரி, மிக மென்மையாக.

அதை வாசித்ததும் என் கணவர் கைபேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் விக்ரமைக் கூப்பிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒருவரிடம் குரலை உயர்த்துவதைக் கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் உயர்த்தவில்லை. இன்னும் தாழ்த்தினார். மலாயில் பேசினார், அலுவலகங்களில் பேசுகிற மரியாதையான மலாயில்.

“நீங்க அந்தக் காட்சியைப் போடுங்க. நாங்க குடும்பமா வருவோம். நீங்க பேச எழுந்திருக்கிறப்ப எல்லாம் நானும் எழுந்திருப்பேன். கோலாலம்பூர்ல போட்டாலும் வருவேன், வேற எங்க போட்டாலும் வருவேன். எனக்கு லீவு நிறைய சேர்ந்திருக்கு.”

மறுநாள் அந்தக் காட்சியை நீக்கிவிட்டதாகவும், நிகழ்ச்சியில் கயலின் படம் இடம்பெறாது என்றும் செய்தி வந்தது. நீக்கியிருப்பார்களா? நான் நம்பவில்லை. எங்காவது ஒரு பெட்டிக்குள் என் மகள் ஆடிக்கொண்டுதான் இருப்பாள், அடுத்த வயலினுக்காகக் காத்துக்கொண்டு. அஸ்லானும் தன் படத்தை நிகழ்ச்சியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கயல் இதில் நேரத்தை வீணாக்கவில்லை. அவள் இரண்டாவது படத்தைத் தொடங்கிவிட்டாள். பெயர் ‘சொந்தக்காரங்க’. ஞாயிற்றுக்கிழமை லாபிஸுக்குப் போய் அண்ணியின் வீட்டைப் பதிவு செய்தாள். தொலைக்காட்சி, பூசை மணி, பிரஷர் குக்கர், எல்லாவற்றுக்கும் மேலே அண்ணி. திரும்புவதற்கு முன் அங்கேயே அடுக்கி, ஹெட்போனை அண்ணியின் காதில் மாட்டினாள். அண்ணி கொஞ்சநேரம் கேட்டார். முகம் மாறியது. கழற்றினார்.

“பீசிங்கா இருக்கு, ஒரே இரைச்சல். என் குரலை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடு.”

“குறைக்க மாட்டேன் அத்தை.”

“நான் இவ்வளவு கத்தறதில்ல.”

“இவ்வளவுதான் கேக்குது.”

அண்ணி என்னை முறைத்தார். ஏதோ நான் சொல்லிக் கொடுத்து வந்ததுபோல. பிறகு, எனக்குத் தெரிந்த வரையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு தட்டில் முறுக்கை வைத்தார். நான் நிம்மதியாக ஒரு முறுக்கை எடுத்தேன். அப்போதுதான் கயலின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்:

“உங்கம்மா என்னைவிட மோசம். அதையும் எடு.”

கயல் அதையும் சொன்னபடி அப்படியே எடுத்துக்கொண்டாள். இன்று அவளுக்கு விடுமுறை. விடிந்ததிலிருந்து ஒலிப்பதிவுக் கருவி எங்கள் சமையலறை அலமாரிமேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு சிவப்புப் புள்ளியோடு. நான் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணி விரித்து அடுக்குகிறேன். குழாயை நூலாகத் திறக்கிறேன். சத்தத்தைப் பொறுத்தவரை மிக்ஸி மட்டும்தான் சட்டம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சற்றுமுன் கயல் வந்து எட்டிப் பார்த்தாள்.

“மா, எப்பவும் போல செய்ங்க.”

“எப்பவும் போலத்தான் செய்றேன்.”

“இல்ல,” என்றாள்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. கரண்டியைத் தூக்கி எறியலாம் போலிருக்கிறது. எறிந்தால் பதிவாகிவிடும்.